காங்கேயம்: வறண்ட நிலத்தில் வளரும் ஓர் ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம் எங்கே இருக்கிறது? அதை நகரம் என்பதா, கிராமம் என்பதா?

திருப்பூர் மாவட்டத்தில், திருப்பூரிலிருந்து தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் காங்கேயம் இருக்கிறது. வட்டத்தின் தலைமையிடமாகவும் சட்டமன்றத் தொகுதியாகவும் நகராட்சியாகவும் இருப்பதால் அரசு ஆவணங்களின்படி இது நகரம்தான். ஆனால் கடைவீதியிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் சிறிது நேரத்தில் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் மேயும் செம்மறியும் கண்ணில் படும். ஊரின் வருமானமும் பேச்சும் வாரத்தின் நடப்பும் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சிற்றூர்களையும் தோட்டங்களையும் சார்ந்தே இயங்குகின்றன. ஆகவே, நகராட்சி என்ற பெயர் பெற்ற நாட்டுப்புற ஊர் என்று இதைச் சொல்வதே பொருத்தம். முன்பு கோயம்புத்தூர் மாவட்டத்திலும், 1979க்குப் பிறகு பெரியார் மாவட்டம் எனத் தொடங்கி ஈரோடு மாவட்டம் எனப் பெயர் மாறிய பகுதியிலும் இருந்து, 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது.

ஆறும் இல்லை, இரயிலும் இல்லை. அப்படியிருக்க இவ்விடத்தில் ஊர் எப்படி வளர்ந்தது?

வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓட, இரண்டுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் காங்கேயம் அமைந்திருக்கிறது. ஆற்றங்கரை ஊருக்கு உரிய வளம் இதற்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது சாலைச் சந்திப்பு. கோயம்புத்தூரிலிருந்து பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் கிழக்கு மேற்குச் சாலையும், ஈரோட்டிலிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் வடக்கு தெற்குச் சாலையும் இங்கே குறுக்கிடுகின்றன. முதல் சாலை இன்று தேசிய நெடுஞ்சாலை 81. இரண்டாவது, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து செல்பவர்களின் வழி. மலையாளக் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சோழநாட்டை நோக்கிச் சென்ற பழைய வணிகப் பாதையும் கொங்கு நாட்டின் ஊடாகவே சென்றது. பொருள் விளையும் இடம் ஒருபுறம், விற்கும் இடம் மறுபுறம் என இருக்கும்போது, நடுவில் நின்று அப்பொருளைப் பக்குவப்படுத்தும் ஊருக்கும் ஒரு வாழ்வு உண்டு. காங்கேயம் பெற்றது அந்த வாழ்வு.

ஈரோட்டிலிருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு இருப்புப்பாதை அமைக்கும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. இதுவரை பாதை வரவில்லை.

ஊர் எவ்வளவு பழமையானது?

கொங்கு மண்டலத்தை 24 நாடுகளாகப் பிரித்துச் சொல்லும் மரபில் காங்கேய நாடும் ஒன்று. ஊரின் பெயர் அந்த நாட்டின் பெயர்தான். ஆனால் இந்நிலத்தின் பழமையை அறிய அரச மரபுகளைவிட மண்ணுக்கு அடியில் இருப்பவற்றைப் பார்ப்பது பயன் தரும்.

திருப்பூர்ச் சாலையில் உள்ள படியூர், நீலமும் பச்சையும் கலந்த கடல்நிறக் கல்லுக்கு, அதாவது பெரில் வகை மணிக்கல்லுக்குப் பெயர் பெற்றது. 1820ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் தோண்டிக் கற்களை எடுத்திருக்கிறார்கள். சிவன்மலைப் பகுதியின் பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு, 1901இல் வெளியிட்ட ஆய்வில் இப்பாறைத் தொகுதிக்குச் சிவன்மலையின் பெயரையே சூட்டினார். குவார்ட்சு இல்லாத இந்த அரிய பாறைவகையில் குருந்தக்கல் கிடைக்கிறது. வடக்கே நொய்யலின் கரையில், ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகள், சங்க காலத்தில் அங்கே மணிக்கற்களை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகளையும், இரும்பு உருக்கிய உலைகளையும், தமிழி எழுத்துகள் பொறித்த ஏராளமான பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இவ்வூரே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். கொங்கு நாட்டில் பல இடங்களில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்திருப்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், இன்று வானம் பார்த்த பூமி என்று இரங்கப்படும் இந்த நிலம் ஒரு காலத்தில் கடல் கடந்த வணிகத்துடன் தொடர்பு கொண்டிருந்தது தெளிவாகும். கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் காங்கேயத்தில் இன்றும் நடக்கிறது.

தீரன் சின்னமலைக்கும் இவ்வூருக்கும் என்ன தொடர்பு?

தீர்த்தகிரி என்ற இயற்பெயர் கொண்ட தீரன் சின்னமலை 1756இல் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்தவர். பட்டக்காரர் எனப்படும் பழையகோட்டைப் பரம்பரைத் தலைவர்களின் மரபைச் சேர்ந்தவர். மைசூர் ஆட்சிக்காகக் கொங்கில் வசூலித்த வரிப்பணத்தை வழிமறித்து வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல்" என்று அனுப்பியதாக வழங்கும் கதையை இவ்வட்டாரத்தில் குழந்தைகளும் சொல்வார்கள். பின்னர் ஆங்கிலேயரை எதிர்த்துத் திப்புவின் பக்கம் நின்று, 1799இல் திப்பு வீழ்ந்த பிறகும் ஓடாநிலை என்ற ஊரைத் தளமாகக் கொண்டு போரிட்டு, 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ஆடிப்பெருக்கு நாளில் அவருக்கு அஞ்சலி செலுத்துவது இங்கு வழக்கம்.

கொறங்காடு என்கிறார்களே, அது காடா, தரிசா?

இரண்டும் அன்று. இவ்வூரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தி போதும் என்றால், நான் சொல்வது கொறங்காட்டைத்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் இப்பகுதிக்கு ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களுக்குள் பெய்து முடிந்துவிடும். சரளை கலந்த செம்மண்ணில் ஆண்டுதோறும் பயிர் செய்து பிழைக்க முடியாது என்பதை அறிந்த உழவர்கள், நிலத்தின் ஒரு பகுதியை நிலையான மேய்ச்சலுக்கு விட்டார்கள். அதுவே கொறங்காடு. இது ஊர்ப் பொதுவான மேய்க்கால் புறம்போக்கு அன்று. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பட்டா நிலம். சில ஏக்கர் அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் சுற்றி முள்ளுக்கிளுவையை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைத்திருப்பார்கள். ஆடு நுழையாது, மாடு தாண்டாது. போக்குவரத்துக்கு ஒரு கடவும் அதை அடைக்க ஒரு படலும் இருக்கும்.

தரையில் வளர்வது கொழுக்கட்டைப்புல். கோடையில் காய்ந்து செத்ததுபோல் கிடக்கும் இப்புல்லின் வேர் மண்ணுக்குள் உயிரோடு இருப்பதால் ஒரு மழை போதும், சில நாள்களில் பச்சை தெரியும். காய்ந்த நிலையிலும் அது தீவனமே. அறுத்துப் போராக அடுக்க வேண்டிய வேலைகூட இல்லாமல் நின்ற இடத்திலேயே கால்நடைக்குக் காத்திருக்கும் வைக்கோல் அது. புல்லுக்கு நடுவே தானாக முளைக்கும் பயறுவகைக் கொடிகள் இருக்கும். மேலே அங்கங்கே வெள்வேல மரங்கள் நிற்கும். அடர்ந்த நிழல் இல்லாத மரம் என்பதால் அடியில் புல் வளர்வதற்குத் தடையில்லை. புல் தீர்ந்துபோகும் கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். ஒரு துண்டில் புல் குறைந்ததும் கால்நடைகளை அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்த பிறகு மீண்டும் புல்லுக்கு விடுவதும் உண்டு. சொந்தமாகக் கால்நடை இல்லாதவர்கள் ஆண்டுக் குத்தகைக்கு விடுவார்கள்.

இதில் மேய்ப்பவர் தேவையில்லை, பாசனம் தேவையில்லை, உரம் தேவையில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் குடும்பத்துக்கு ஏதோ ஒரு வருமானம் நிற்கும். வேளாண்மைக் கல்லூரிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, எழுத்தறியாத உழவர்கள் புல், கொடி, மரம், வேலி ஆகிய நான்கையும் இப்படி ஒன்றோடு ஒன்று பொருத்தினார்கள் என்பது எனக்கு இன்றும் பெருவியப்பைத் தருகிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் இதைப் பார்த்து வீணாகக் கிடக்கும் நிலம் என்று சொல்லும்போது மனம் வருந்துகிறது.

காங்கேயம் காளையின் தனித்தன்மை என்ன?

கொறங்காட்டின் விளைச்சல் நெல்லோ சோளமோ அன்று. காங்கேயம் மாடே அதன் விளைச்சல். நடுத்தர உடல், அகன்று பின்னோக்கி வளைந்து நுனியில் நெருங்கும் கொம்புகள், உயர்ந்த திமில், கருத்த கண்ணிமை, கடினமான குளம்பு ஆகியவை இதன் அடையாளங்கள். கன்று செந்நிறத்தில் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். இனப்பெருக்கத்துக்கென விட்ட, வளர்ந்த பொலிகாளையின் தலை, கழுத்து, திமில், பின்தொடை ஆகியவை கருமை ஏறி நிற்கும். காயடித்த எருதின் நிறம் வெளுத்துவிடும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என நிறத்துக்கேற்ப இங்கே பெயர் சொல்வார்கள். காய்ந்த புல்லைத் தின்று, கடும் வெயிலைத் தாங்கி, கல் நிறைந்த தடத்தில் பாரவண்டி இழுக்கும் திறனுக்காகவே இந்த இனம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. ஆழ்கிணற்றில் கவலை, அதாவது மாடுகள் இழுக்கும் நீர் இறைப்புச் சால், பூட்டி நீர் இறைத்ததும் இம்மாடுகளே. பாலுக்கான இனம் இது அன்று. பசு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதுவே நிறைவு.

இந்த இனத்தை ஒழுங்குபடுத்தி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர்களின் பங்கு பெரிது. குறிப்பாக நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் நல்ல பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்துப் பெரிய மந்தையை வைத்திருந்தார். அவருடைய மந்தையைப் பற்றி ஆங்கிலேயக் கால்நடை அதிகாரிகளும் எழுதியிருக்கிறார்கள். நத்தக்காடையூரை அடுத்த பழையகோட்டையில் ஞாயிறுதோறும் கூடும் மாட்டுத்தாவணியில் காங்கேயம் இன மாடுகள் இன்றும் கைமாறுகின்றன. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டி ஓலப்பாளையம் அருகே கூடும் மாட்டுச் சந்தை இன்னும் பெரியது. காளைகளை அலங்கரித்து வரிசையாகக் கட்டி வைத்திருக்கும் அந்நாள்களில், பல்லைப் பிடித்துப் பார்த்து வயது கணிப்பதையும், சுழி பார்ப்பதையும், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதையும் நேரில் காணலாம்.

அப்படியானால் மாடுகள் ஏன் குறைந்தன?

வேலை போனதால் மாடும் போனது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தபின் கிணறுகளில் மின் இறைப்பி பரவத் தொடங்கியது. கவலை இறைப்பது மெல்ல மெல்ல நின்றது. பாரவண்டியின் இடத்தை லாரியும், ஏரின் இடத்தை டிராக்டரும் எடுத்துக்கொண்டன. பால் வருமானத்தை நோக்கமாகக் கொண்ட அரசுத் திட்டங்கள் கலப்பினப் பசுக்களைக் கொண்டுவந்தன. குறைவாகக் கறக்கும் நாட்டுப் பசுவை வைத்துக்கொள்ளக் குடும்பத்தில் காரணம் இல்லாமல் போனது. காளைக்கு மிஞ்சியது பொலி, ரேக்ளா பந்தயம், சல்லிக்கட்டு ஆகியவையே. 2014இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்ததும், 2017 தை மாதத்தில் தமிழகம் முழுவதும் இளைஞர்கள் திரண்டு போராடிச் சட்டத்திருத்தம் கொண்டுவரச் செய்ததும் அனைவரும் அறிந்ததே. அப்போராட்டத்தின் பதாகைகளில் பெரும்பாலும் காங்கேயம் காளையின் உருவமே இருந்தது. அதன்பின் நாட்டு மாட்டின்மீது ஆர்வம் கூடியிருப்பது உண்மை. குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் அதற்கு முன்பிருந்தே இனப் பாதுகாப்பிலும் கொறங்காட்டுப் பாதுகாப்பிலும் ஈடுபட்டு வருகிறது. ஆனால் ஆர்வத்தால் மட்டும் மாடு பிழைக்காது. மேய்வதற்கு நிலம் வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நெல்லும் தென்னையும் அதிகம் விளையாத ஊரில் அரிசி ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் எப்படி வந்தன?

வெயிலும் காற்றும்தான் காரணம். தேங்காயைக் கொப்பரையாக்க வேண்டுமானால் உடைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். தென்னை மிகுந்த கேரளத்தில் ஆனியிலும் ஆடியிலும் விடாத மழை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலும் அக்காலத்தில் சாரலும் ஈரக்காற்றும் இருக்கும். அதே மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, ஈரத்தை மலைக்கு அப்பால் விட்டுவிட்டுக் காங்கேயத்தில் வறண்டு வீசும். எனவே அங்கே விளையும் தேங்காய் இங்கே வந்து காய்கிறது. எந்த வறட்சி உழவனை வாட்டியதோ அதுவே களத்துக்காரருக்கு முதலானது.

ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் செல்பவர்கள் பரந்த சிமெண்டுக் களங்களில் வெள்ளை வெளேரெனப் பரப்பிக் கிடக்கும் தேங்காய் மூடிகளைப் பார்க்கலாம். இரண்டாக உடைத்த தேங்காய் இரண்டு மூன்று நாள் காய்ந்தவுடன் பருப்பு தொட்டியை, அதாவது சிரட்டையை, விட்டுப் பிரியும். அதை எடுத்து மீண்டும் சில நாள் காயவைத்துத் தரம் பிரித்து ஆலைக்கு அனுப்புவார்கள். எண்ணெய் எடுத்தபின் கிடைக்கும் புண்ணாக்கு மாட்டுக்குப் போகும். தொட்டி கரியாகிறது, அக்கரியிலிருந்து செய்யும் கிளர்வூட்டிய கரி, நீரைச் சுத்திகரிக்கவும் தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்கவும் பயன்படுவதால் வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. நாட்டின் வணிக நாளிதழ்கள் கொச்சி விலையோடு காங்கேயம் விலையையும் சேர்த்து வெளியிடும் அளவுக்கு இவ்வூர் தேங்காய் எண்ணெய்ச் சந்தையில் இடம்பெற்றிருக்கிறது.

அரிசி ஆலைகளின் கதையும் இதைப் போன்றதே. காவிரிப் படுகையிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் நெல் வருகிறது. இங்கே அவித்து, உலர்த்தி, அரைத்துக் கொங்கு முழுவதற்கும் கேரளத்துக்கும் அனுப்பப்படுகிறது. உலர்த்தும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட பிறகும், சாலைச் சந்திப்பும் வணிகத் தொடர்பும் தேர்ந்த ஆள்களும் இருப்பதால் ஆலைகள் இடம்பெயரவில்லை.

இத்தொழில்களின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொட்டிக்கரி சுடும் இடங்களின் புகையாலும் கழிவு நீராலும் கிணறு கெட்டதாகப் பல சிற்றூர்கள் முறையிட்டுப் போராடியிருக்கின்றன. பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை காட்டுவது, உணவாகச் செல்லும் பொருளின் தரத்தைக் கெடுக்கிறது. களங்களில் வேலை செய்வோர் வெயிலில்தான் நாள் முழுவதும் நிற்கிறார்கள். அவர்களில் வட மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இப்போது கணிசமாக இருக்கின்றன. அவர்களுடைய குழந்தைகள் இங்குள்ள பள்ளிகளில் தமிழ் படிப்பது ஊரின் புதிய மாற்றங்களில் நல்ல ஒன்று.

பாசனத்துக்கும் குடிப்பதற்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

குடிநீர் காவிரியிலிருந்து குழாய் வழியாக வருகிறது. பாசனத்தைப் பொறுத்தவரை, வட்டத்தின் வடகிழக்குப் பகுதிகளுக்குக் கீழ்பவானி வாய்க்காலும், பிற பகுதிகளுக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் (பி.ஏ.பி.) வாய்க்காலும் உண்டு. இரண்டிலும் காங்கேயம் பகுதி கடைமடைக்கு அருகில் இருக்கிறது. பி.ஏ.பி. பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து நீர் விடப்படுவதால் ஒரு நிலத்துக்கு எல்லா ஆண்டும் நீர் வராது. வரும் முறையிலும் வழியில் குறைந்து குறைந்து, காங்கேயம், வெள்ளகோவில் கிளை வாய்க்காலுக்கு உரிய பங்கு வந்து சேரவில்லை என்பது உழவர்களின் நீண்டநாள் குறை. இதற்காக உண்ணாநிலைப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. மற்றபடி கிணறும், ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகும் ஆழ்குழாய்க் கிணறும்தான்.

நொய்யல் ஆற்றுக்கு என்ன நேர்ந்தது?

இப்பகுதியின் உழவர்களுக்கு நீர் தருவதற்காகவே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. அதே காலத்தில் திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பெருகி, சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் விடப்பட்டதால், அணையில் தேங்கியது பாசன நீர் அன்று, உப்பும் சாயமும் கலந்த கழிவு. அதைத் திறந்துவிட்டாலும் கேடு, தேக்கி வைத்தாலும் கேடு என்ற நிலை உண்டாயிற்று. சுற்றியுள்ள கிணறுகள் உவர்த்தன, தென்னைகள் பட்டன, மாடுகள் குடிக்க மறுத்தன. உழவர்கள் நீதிமன்றம் சென்று நெடுங்காலம் போராடியதன் விளைவாக, கழிவை முழுமையாகச் சுத்திகரித்து ஆற்றில் ஒரு சொட்டும் விடாத ஏற்பாட்டைச் செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் உத்தரவிட்டது. நிலைமை முன்பைவிடத் தேறியிருக்கிறது. ஆனால் மண்ணில் ஏறிய உப்பு விரைவில் இறங்காது. அண்டை நகரின் செழிப்புக்கு ஆற்றோர ஊர்கள் கொடுத்த விலை இது. திருப்பூரின் வேலைவாய்ப்பால் காங்கேயமும் பயன்பெறுகிறது என்பதை மறுக்கவில்லை. அதற்காக அந்த விலையை மறப்பது நேர்மையாகாது.

சிவன்மலை உத்தரவுப் பெட்டி என்பது என்ன?

காங்கேயத்தை அடுத்துத் திருப்பூர்ச் சாலையில் இருக்கும் சிவன்மலையில் சுப்பிரமணிய சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். ஒரு பக்தரின் கனவில் ஆண்டவர் தோன்றி ஒரு பொருளைக் குறிப்பிட்டால், அவர் கோயிலில் வந்து சொல்வார். சுவாமியின் முன் பூ வைத்துக் குறி பார்க்கும் பூக்கேட்டல் முறையில் உத்தரவு கிடைத்தால் அப்பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும். அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். அது சில நாளாகவும் இருக்கலாம், பல மாதங்களாகவும் இருக்கலாம். வைக்கப்படும் பொருள் நாட்டு நடப்பில் முக்கியத்துவம் பெறும் என்பது நம்பிக்கை. 2004 ஆழிப்பேரலைக்கு முன் பெட்டியில் தண்ணீர் இருந்ததாக மக்கள் சொல்வார்கள். மண், நெல், மஞ்சள் எனப் பெட்டியில் இடம்பெற்றவை பெரும்பாலும் உழவர் வாழ்வுக்கு உரியவை. தைப்பூசத் தேர் இங்கே மூன்று நாள் இழுக்கப்பட்டு மலையைச் சுற்றி நிலைக்கு வரும்.

மக்கள் எப்படிப்பட்டவர்கள்? வாழ்முறை எப்படி இருக்கும்?

பேச்சில் "ங்க" சேராத வாக்கியம் அரிது. வயதில் இளையவரையும் "வாங்க, சொல்லுங்க" என்றே அழைப்பார்கள்; "ஏனுங்க" என்று தொடங்கும் விசாரிப்பில் மரியாதையும் நெருக்கமும் இணைந்தே இருக்கும். உழவர் குடும்பங்கள் பலவும் ஊருக்குள் நெருங்கி வாழாமல் தத்தம் தோட்டத்திலேயே சாளை எனப்படும் வீடு கட்டி வாழ்வது கொங்கின் வழக்கம். இரண்டு சாளைகளுக்கு இடையே பல ஏக்கர் நிலம் கிடக்கும். இதனால் தன்னுழைப்பும் சிக்கனமும் வளர்ந்தன. ஆனால் பிள்ளைகள் படித்துப் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட்ட இக்காலத்தில், தோட்டத்துச் சாளையில் முதியவர்கள் இருவர் மட்டும் தனித்திருப்பது பெருங்கவலையாக மாறியிருக்கிறது. நிலத்தில் உழைக்கும் குடும்பங்களுக்கும் நிலம் உள்ள குடும்பங்களுக்கும் இடையே சாதியும் உடைமையும் வகுத்த இடைவெளி இன்னும் மறையவில்லை என்பதையும், ஊரின் நற்பண்புகளைச் சொல்லும்போது சேர்த்தே சொல்ல வேண்டும்.

உணவில் கம்பும் சோளமும் குறைந்து அரிசி முதன்மையாகிவிட்டது. அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் சோறும், விருந்துக்குச் சந்தகை எனப்படும் சேவையும், நோன்புக்கு ஒப்பிட்டு எனப்படும் போளியும் இன்றும் நிலைத்திருக்கின்றன.

ஊர் வளர்வதால் என்ன மாறுகிறது?

முதலில் மாறுவது கொறங்காடு. சாலையோரத்துக் கொறங்காடுகள் வீட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டு, கிளுவை வேலி இருந்த இடத்தில் சைட் கற்கள் நிற்கின்றன. சில இடங்களில் கல்குவாரியும் சில இடங்களில் சூரிய மின்தகடுகளும் வந்திருக்கின்றன. விற்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ ஒரே நாளில் பணம் வேண்டும்போது, ஆண்டுக் குத்தகையாகச் சிறு தொகை தரும் நிலத்தை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

இரண்டாவது மாற்றம் பலரும் எதிர்பாராதது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் கொன்ற நிகழ்வுகள் தொடர்ந்தன. உழவர்கள் இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். வளரும் ஊர்களின் இறைச்சிக் கழிவு ஒதுக்குப்புறங்களில் கொட்டப்படுவதும் அங்கே நாய்கள் பெருகுவதும் இதற்குக் காரணம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேய்ப்பவர் இல்லாமல் ஆடுகள் இரவும் பகலும் வேலிக்குள் தாமே இருக்கலாம் என்பதுதான் கொறங்காட்டின் அடிப்படை. அந்த நம்பிக்கை போனால் இரவுக் காவலுக்கு ஆள் வைக்க வேண்டும். அந்தச் செலவை ஆட்டு வருமானம் தாங்காது. மனைப்பிரிவு நிலத்தை ஓரத்திலிருந்து குறைக்கிறது என்றால், இது முறையையே உள்ளிருந்து குலைக்கிறது. கழிவைக் கொட்ட இடம் ஒதுக்கி முறையாகக் கையாள்வதும், நாய்களுக்குக் கருத்தடை செய்வதும் உள்ளாட்சிகளின் கடமை. மேய்ச்சல் நிலமாகவே வைத்திருக்கும் உழவருக்கு, பயிர் செய்பவருக்குக் கிடைப்பது போன்ற ஆதரவும் காப்பீடும் கிடைக்க வேண்டும்.

இங்கே நிலம் வாங்கிக் குடியேற நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பங்குனி, சித்திரையில் வந்து பாருங்கள். மழைக்குப் பிறகான கார்த்திகைப் பசுமையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றின் ஆழத்தையும் ஆழ்குழாயின் அடியையும் கேளுங்கள். நொய்யலை ஒட்டிய பகுதியானால் நீரின் உப்பைச் சோதித்துப் பாருங்கள். வாய்க்கால் பாசனம் உண்டு என்று சொல்லப்பட்டால், எந்த மண்டலம், கடைசியாக எப்போது நீர் வந்தது என்பதைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வாங்குவது கொறங்காடாக இருந்தால், அதை உழுது தென்னை வைக்க அவசரப்பட வேண்டாம். இந்த மழைக்கு அந்தத் தென்னை நிற்காது. கலைந்த புல்லும் எளிதில் திரும்பாது. உடனே பயன்படுத்தும் எண்ணம் இல்லாவிட்டால், அருகில் ஆடு மாடு வைத்திருப்பவருக்கு ஆண்டுக் குத்தகைக்கு விடலாம்; நிலமும் பராமரிப்பில் இருக்கும். கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி போடுவதும் வேண்டாம். இடைவெளி விழுந்த இடங்களில் மழைக்காலத்தை ஒட்டிக் கிளுவைக் குச்சிகளை ஊன்றினாலே அது துளிர்த்து அடைத்துக்கொள்ளும். எங்கே நல்ல குச்சி கிடைக்கும், எவ்வளவு நெருக்கமாக ஊன்ற வேண்டும் என்பதைப் பக்கத்துச் சாளையில் கேட்டால் காட்டித் தருவார்கள்.